பூ நிறைய, பிஞ்சு நிறைய, காய் இல்லை: மாடிச் சுரைக்கொடியில் பிஞ்சு வெம்பல் பற்றிய நிகழ்வு ஆய்வு

சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. மாலையானால் வெள்ளைப் பூக்கள் விரிகின்றன. பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சும் இருக்கிறது. நாலைந்து நாளில் அந்தப் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓயாமல் சொல்லும் புகார் இது. கேட்டவுடன் வரும் பதில், "சத்து பத்தவில்லை, உரம் போடுங்கள்" என்பதுதான். இந்த நிகழ்வில் உரத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

கீழே இருப்பது ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் நாட்குறிப்பு அல்ல. பல மாடிகளில் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடப்பதை ஒரே நிகழ்வாகச் சேர்த்து எழுதியது.

நிலவரம்

நாற்பது லிட்டர் கொள்ளும் செடிப்பை. தோட்ட மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. போட்ட இரண்டு விதையும் முளைத்துவிட, பிடுங்க மனம் வராமல் இரண்டு கொடியையும் விட்டாயிற்று. ஆறடி உயரத்தில் நைலான் வலைப் பந்தல். வெயிலுக்கும் அணிலுக்கும் பயந்து பந்தலின் மேலேயும் மூன்று பக்கமும் பச்சை நிழல்வலை. வாரம் ஒருமுறை பிண்ணாக்குக் கரைசல், நடுநடுவே மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசல்). பூச்சி வருமுன் காக்க, வாரம் ஒருமுறை சாயங்காலம் வேப்பெண்ணெய்த் தெளிப்பு.

விதைத்து 45 நாள் வாக்கில் பூ எடுத்தது. முதல் பத்துப் பதினைந்து நாள் நீளக் காம்பில் வெறும் பூ மட்டும். அதன் பிறகுதான் பிஞ்சோடு கூடிய பூ வரத் தொடங்கியது. வெம்பலும் அன்றே தொடங்கியது.

முதலில் வந்த வெறும் பூக்கள் எல்லாம் ஆண் பூக்கள். சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும், ஆண் பூ முந்திக்கொள்ளும். அந்த இரண்டு வாரத்தில் பூ உதிர்வதைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆண் பூவின் வேலை ஓர் இரவோடு முடிந்துவிடும். பெண் பூவுக்குக் காம்பு குட்டை. இதழுக்குக் கீழே பூனைமயிர் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்று இருக்கும். அதைக் காய் என்று நினைத்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது இன்னும் காய் ஆகவில்லை, மகரந்தம் சேர்ந்தால் காயாக வளரும் சூல்பைதான். மகரந்தம் சேராவிட்டாலும் அது அங்கே இருக்கும், பார்க்கப் பிஞ்சு போலவே இருக்கும், சில நாளில் வெம்பிவிடும். ஆகவே "பிஞ்சு பிடித்து உதிர்கிறது" என்பதே சரியான விவரம் ஆகாது. பிஞ்சு பிடிக்கவே இல்லை.

முதலில் செய்த வைத்தியம்

மெக்னீசியம் சத்துக்காக எப்சம் உப்பு ஊற்றிப் பார்த்தார்கள். மெக்னீசியம் குறைந்தால் அடியிலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும். இந்தக் கொடியில் அப்படி ஓர் இலை கூட இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தாயிற்று.

பிறகு பிண்ணாக்குக் கரைசலை வாரம் இரண்டு முறை ஆக்கினார்கள். இது வீண் என்பதோடு நில்லாமல் கெடுதலும் செய்தது. பிண்ணாக்கில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் கொடி ஓடும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், இலை கரும்பச்சையாகித் தாம்பாளம் போல் விரியும், ஆண் பூ பெருகும், பெண் பூ குறையும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் கூட இதையே செய்யும். கோடையில் இரண்டும் சேர்ந்தால் பந்தல் பச்சைப்பசேல் என்று இருக்கும், பறிக்க ஒன்றும் இருக்காது.

போரான் குறைவா என்ற சந்தேகம் நியாயமானது. மகரந்தக் குழல் வளரப் போரான் வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்த தொட்டியில் அது அடியோடு இல்லாமல் போவது அரிது. அப்படியே தெளிப்பதானாலும் போரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது, பூக்கும் முன் ஒரே முறைதான். இந்தச் சத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடினால் இலை ஓரம் கருகும்.

விழுந்த பிஞ்சைப் படித்தல்

கொடிக்கு எதையும் ஊற்றுமுன் செய்ய வேண்டியது, உதிர்ந்த பிஞ்சுகளை நாலைந்து பொறுக்கி, பழைய செய்தித்தாளில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது. பத்து நிமிட வேலை.

மகரந்தம் சேராத பிஞ்சு, பூத்த அன்று எந்த அளவோ அதே அளவில்தான் இருக்கும். காம்பு ஒல்லியாகவே நின்றுவிடும். தோலில் ஓட்டை, கசிவு எதுவும் கிடையாது. பிளந்தால் உள்ளே வெள்ளை, விதைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அளவில் தட்டையான புள்ளி வரிசை.

பழ ஈ குத்தியது வேறு மாதிரி. தோலில் எங்காவது தேன்நிறத்தில் பிசின் முத்து ஒன்று உறைந்து நிற்கும். நகத்தால் அதைப் பெயர்த்தால் அடியில் ஊசி முனை அளவு துளை. அந்த இடம் கொஞ்சம் குழிந்து, பிஞ்சு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். பிளந்தால் பழுப்பு நிறத்தில் கூழும் வெண்மையான புழுக்களும். முற்றிய புழுவைத் தட்டில் போட்டால் உடலை வில்லாய் வளைத்துத் துள்ளும். அப்படித் துள்ளினால் அது பழ ஈயின் புழு என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

மகரந்தச் சேர்க்கை நடந்தும் கொடியே கைவிட்ட பிஞ்சு மூன்றாவது வகை. காம்பு தடித்திருக்கும், அளவும் கூடியிருக்கும், உள்ளே விதை உப்பத் தொடங்கியிருக்கும். துளை இருக்காது. மழைக்காலமானால் நான்காவது ஒன்றும் உண்டு: வாடிய பூ நுனியிலேயே ஒட்டிக்கொண்டு ஈரத்தில் அழுகி, அங்கிருந்து பிஞ்சுக்குள் இறங்கும். மேலே குண்டூசித் தலை போன்ற கருமுனையோடு பூஞ்சை இழைகள் நிற்கும். வாடிய இதழைக் கிள்ளி எடுப்பதும் காற்றோட்டம் விடுவதும் அதற்குப் போதும்.

இந்தக் கொடியின் முதல் கட்ட உதிரல் எல்லாம் முதல் வகை. ஒன்றில் கூடத் துளை இல்லை.

பூ விரியும் நேரம்

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போகிறவர் கண்ணில் படுவது துவண்ட சுரைப் பூதான். சுரை அந்தியில் விரிந்து மறுநாள் காலை வாடிவிடுகிறது. வெள்ளை நிறமும் மணமும் இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக. சாயங்காலம் கடைசியாகத் திரும்பும் தேனீக்களும், விடியலில் வருகிறவையும் கொஞ்சம் உதவலாம்.

இப்போது அந்த மாடியின் ஏற்பாட்டை இந்த நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். மேலேயும் மூன்று பக்கமும் நிழல்வலை. பருந்தந்து எனப்படும் பெரிய அந்துப்பூச்சி அந்தக் கண்களில் நுழையாது. திறந்திருக்கும் ஒரு பக்கமோ சுவரை ஒட்டியது. அது போதாதென்று, சாயங்காலத் தெளிப்பு. தேனீக்குத் தொல்லை வரக் கூடாதென்றுதான் மருந்தை மாலையில் அடிக்கச் சொல்வது வழக்கம். காலையில் பூக்கும் பூசணிக்கும் வெள்ளரிக்கும் அது சரி. சுரைக்கு அதுவே முகூர்த்த நேரம். விரிகிற பூவுக்குள் வேப்பெண்ணெய் சிதறினால் வருகிற ஒன்றிரண்டு பூச்சியும் விலகிப் போகும்.

இதை உறுதி செய்யச் சோதனை எளிது. ஒரே வாரத்தில் விரியும் பெண் பூக்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, காம்பில் சிவப்பு நூல் தளர்வாகக் கட்டுவது. மற்றதை அப்படியே விட்டு வெள்ளை நூல் கட்டுவது. நூலோடு தேதி எழுதிய சின்னச் சீட்டும் வேண்டும், இல்லையென்றால் நான்காம் நாள் எது எதுவென்று நினைவிருக்காது. உரம், தண்ணீர், கொடி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. சிவப்பு நூல் பிஞ்சுகள் நின்று வெள்ளை நூல் பிஞ்சுகள் வெம்பினால் குறை மகரந்தத்தில்தான். இரண்டும் வெம்பினால் மட்டுமே வேர், தண்ணீர், வெப்பம், சத்து என்று தேடத் தொடங்க வேண்டும். இந்த நிகழ்வில் சிவப்பு நூல் பிஞ்சுகள் நின்றன.

கைமகரந்தச் சேர்க்கை

அன்று மாலை விரியப்போகும் மொட்டை மதியமே அடையாளம் காணலாம். பச்சை மங்கி வெளுத்து, நுனி முறுக்கு லேசாகத் தளர்ந்திருக்கும். பெண் மொட்டு எங்கெங்கே என்று அப்போதே பார்த்து வைத்தால் இருட்டில் தேட வேண்டாம்.

இதழ் முழுதும் விரிந்த பிறகு, அன்று விரிந்த ஆண் பூ இரண்டைக் காம்போடு பறித்து இதழ்களை உரித்துவிட வேண்டும். நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டை விரல் நுனியால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் இன்னும் வெடிக்கவில்லை, கால் மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். நேற்றைய பூ உதவாது. பெண் பூவின் நடுவே சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்று மடலிலும், சுற்றிலும், தூள் கண்ணுக்குத் தெரியும்படி மெல்லத் தடவ வேண்டும். ஒரு மடலில் மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தால் விதை ஒரு பக்கம்தான் பிடிக்கும்; காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிப் போகும். பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி இரண்டும் பலர் பயன்படுத்துவதுதான். ஆனால் பாதித் தூளைப் பஞ்சே விழுங்கிவிடுகிறது. ஆண் பூவை நேராகத் தேய்ப்பதே மேல்.

ஒற்றைக் கொடி வைத்திருப்பவர்களுக்கு, பெண் பூ விரிகிற அன்று ஆண் பூ இல்லாமல் போவது உண்டு. அருகில் வேறொரு சுரைக்கொடி இருந்தால் அதன் ஆண் மொட்டை மதியம் காம்போடு வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் மாலையில் விரியும். குட்டைச் சுரையின் மகரந்தம் நீளச் சுரைக்குச் சேரும். இப்போது வரும் காயின் வடிவம் மாறாது, அதன் விதையில்தான் கலப்பு வரும். பூசணி, பீர்க்கு மகரந்தம் சுரைக்குப் பயன்படாது. மாலை தவறிவிட்டால் மறுநாள் விடிந்ததும், இதழ் துவளுமுன் செய்தாலும் சில நேரம் பிடிக்கும். வெயில் ஏறிய பிறகு செய்வது மனத்திருப்திக்கு மட்டும். அன்றிரவு மழை வரும் போலிருந்தால் பூவின் மேல் காகிதக் கூம்பு கவிழ்த்து வைக்க வேண்டும். நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும்.

பிடித்ததா என்று மூன்றாம் நாள் தெரிந்துவிடும். காம்பு தடிக்கும், பிஞ்சு கீழ்நோக்கித் தொங்கும், தோலில் பளபளப்பு ஏறும்.

இது தற்காலிக உதவிதான். நிரந்தரமாகச் செய்தது மூன்று. மேல்வலையைச் சுருட்டினார்கள், சுரைக்கு முழு வெயில் வேண்டும், அது நிழலில் வளர்கிற கொடி இல்லை. தெளிப்பை விடியற்காலைக்கு மாற்றினார்கள்: லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைய வைக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கத்தில் மட்டும், அதுவும் பூச்சியைக் கண்டால் மட்டும். பிண்ணாக்கை மூன்று வாரம் நிறுத்தினார்கள்.

நுனி கிள்ளுவதும் இந்தச் சமயத்தில் நடந்தது. சுரையின் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூ, பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். அதையும் பத்துப் பன்னிரண்டு இலையில் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கிளை வரும், அதன் முதல் சில கணுக்களிலேயே பெண் பூ தெரியும். 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைத்தான். தரையிலிருந்து இரண்டடி வரை வரும் கிளைகளை எடுத்துவிடலாம். இதில் ஒரு எச்சரிக்கை: மகரந்தச் சிக்கல் தீராமல் 3ஜி செய்தால் வெம்புகிற பிஞ்சின் எண்ணிக்கைதான் கூடும்.

இரண்டாம் சுற்று உதிரல்

காய் உள்ளங்கை அளவுக்கு வந்த பிறகு மீண்டும் விழத் தொடங்கியது. பார்த்தவுடன் "பழையபடி ஆகிவிட்டது" என்றுதான் தோன்றும். பிளந்து பார்த்தபோது புழு. முதல் சுற்றில் ஈ இல்லை என்று சொல்ல முடியாது. குத்திப் பெருக்குவதற்குக் காய் இல்லை, அவ்வளவுதான்.

கொடிக்காய்களைத் தாக்கும் பழ ஈ, பிஞ்சுத் தோலுக்கு அடியில் முட்டையை இறக்கிவிடுகிறது. ஆகவே மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்கு எட்டாது. புழு முற்றியதும் காயை விட்டு விழுந்து, மேல்மண்ணில் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரும். வெப்பக் காலத்தில் முட்டை முதல் ஈ வரை மூன்று வாரம் போதும். ஒரு காயைத் தொட்டியடியில் அழுக விட்டால் அடுத்த மாதத்துக்கான ஈக்களை நாமே வளர்க்கிறோம்.

உறை போடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு நம்பகமான வழி. சேர்க்கை முடிந்த மறுநாள் காலையே போட வேண்டும். பிஞ்சு பெருத்த பிறகு போடும் உறைக்குள் முட்டையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். மெல்லிய துணிப்பை அல்லது கண் சிறிய வலைப்பை, காய் முழு அளவுக்கு வந்தாலும் தளர்வாக இருக்கும் நீளத்தில். வலைப்பை தோலோடு ஒட்டிக் கிடந்தால் ஈ வலைக்கண் வழியாகவே குத்திவிடும். பையின் வாயைக் காம்பைச் சுற்றி மடித்துக் கட்ட வேண்டும், காம்பு தடிக்க இடம் விட்டு.

ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் பலர் ஏமாறுகிறார்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குக் கொடிக்காய் ஈ வராது. இதற்கு கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி வேண்டும். அதிலும் ஆண் ஈ மட்டுமே விழும். குத்துகிற பெண் ஈ விழாது. பொறி நிறைய ஈ விழுந்திருக்கிறதென்று உறையைக் கழற்றிவிடக் கூடாது. பந்தலுக்கு நடுவே தொங்கவிடாமல், மாடியின் ஓரத்தில் ஐந்தடி உயரத்தில் நிழலாக ஓர் இடத்தில் ஒன்று போதும்.

விழுந்த காயை அன்றன்றே பொறுக்கிக் கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு வாரம் வெயிலில் போட்ட பிறகே அப்புறப்படுத்த வேண்டும். உரக்குழியில் நேரடியாகப் போடக் கூடாது. தொட்டியின் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழம் வாரம் ஒருமுறை கிளறிக் காய விடலாம். வேர் மேலாகவே ஓடுவதால் கை வைக்கும்போது கவனம் வேண்டும். கிளற முடியாத தொட்டியின் மேல் பழைய துணியை விரித்துவிட்டால், விழும் புழு மண்ணுக்குப் போகாமல் துணியில் சிக்கும். பக்கத்துத் தொட்டிகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

தொட்டி தாங்குவது எவ்வளவு

இரண்டும் அடங்கிய பின்னும் சில பிஞ்சுகள் துளையில்லாமல், காம்பு தடித்த நிலையில் மஞ்சளாயின. மூன்றாவது வகை. நாற்பது லிட்டர் பையில் இரண்டு கொடி என்பதே அதிகம். முற்றிவரும் இரண்டு மூன்று காய் இருக்கும்போது, பின்னால் பிடித்ததைக் கொடி கைவிடும். இதற்கு உரம் கூட்டிப் பயனில்லை, வேருக்கு இடம்தான் இல்லை. ஒரு கொடியை அடியோடு வெட்டிவிட்டு (பிடுங்கினால் மற்றதன் வேரும் அறுபடும்) மற்றதை விட்டதும் நிலைமை சீரானது. புதிதாக வைப்பவர்கள் ஒரு கொடிக்கு அறுபது லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

உச்சி வெயிலில் இலை துவண்டு, மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். விடியலிலும் துவண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேர் அழுகுகிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் எது என்று தெரியும். காய்ப்பு நேரத்தில் காலை, மாலை இருவேளையும் பிரித்து ஊற்றுவது ஒரே வேளையில் குளிப்பாட்டுவதைவிட மேல்.

பூத்து 12 முதல் 15 நாளில், நகம் எளிதில் இறங்கும் பருவத்தில் பறித்துவிட வேண்டும். விதைக்கென்று ஒரு காயை முற்ற விட்டால் அந்தக் கிளையில் வேறு காய் எதிர்பார்க்க முடியாது. வாடி எழுந்த கொடியின் காயை நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது அவசியம். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைச் சாறு உயிருக்கே ஆபத்து.

மற்ற கொடிகளுக்கு

முறை ஒன்றே, கடிகாரம்தான் வேறு. பீர்க்கும் புடலையும் சுரையைப் போல மாலையில் விரியும். பூசணி, வெள்ளரி, பாகல், தர்ப்பூசணி, நுரைப்பீர்க்கு இவை காலைப் பூ. பூசணி விடியுமுன்னே விரிந்துவிடுவதால் ஒன்பது மணிக்கு மேல் கையால் சேர்ப்பது பெரும்பாலும் வீண். பாகல் பூ சிறியது. ஆண் பூவின் இதழை உரிக்காமல் பின்னுக்கு மடித்துப் பிடித்தால் கையாள எளிது. பூ சிறியதே தவிர ஈத் தொல்லை சிறியதல்ல, பாகலுக்கும் சேர்க்கை முடிந்த மறுநாளே உறை போட வேண்டும், ஒவ்வொரு பிஞ்சுக்கும் தனித்தனியாக.